இரண்டு நாணய எடை, மூன்று நாள் கடல்

இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களைச் சேர்த்து எடை போட்டால் என்ன வருமோ, ஏறத்தாழ அதுதான் பிளாக்போல் கதிர்க்குருவியின் எடை: 12 கிராம். நம் வீட்டுச் சிட்டுக்குருவியில் பாதி. வட அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில், அலாஸ்கா தொடங்கி நியூஃபவுண்ட்லாந்து வரை, பூச்சி பிடித்துத் தின்று குஞ்சு பொரிக்கும் இந்தக் குருவி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென் அமெரிக்காவுக்குப் போய்விடும்.

எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் நெடுங்காலம் சர்ச்சை இருந்தது.

கண்டத்தின் கிழக்குக் கரையில் கூடி, அங்கிருந்து நேரே அட்லாண்டிக் கடலுக்கு மேல் பறந்துவிடுகிறது என்றார்கள் சிலர். கடல் நடுவே இருக்கும் பெர்முடாவில் இலையுதிர்காலத்தில் இது தென்பட்டது அவர்களுக்குச் சாதகமான சான்று. இவ்வளவு சின்ன உயிரால் அது முடியாது, கரையோரமாகவே போகும் என்று மறுத்தார்கள் வேறு சிலர்.

2013இல் அமெரிக்காவின் வெர்மான்டிலும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் சுமார் 40 குருவிகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் அரை கிராம் எடையுள்ள கருவி ஒன்றைக் கட்டிவிட்டார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கருவி சிக்னல் எதையும் அனுப்பாது; வெளிச்சத்தை மட்டும் பதிவு செய்யும். சூரியன் உதித்த நேரமும் மறைந்த நேரமும் தெரிந்தால், பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையையும் நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகையையும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்தப் பதிவு கைக்கு வர, அதே குருவி மறு ஆண்டு திரும்பி வந்து மறுபடி பிடிபட வேண்டும்.

ஐந்து குருவிகள் பிடிபட்டன. ஐந்தின் கதையும் ஒன்றுதான்: கரையை விட்டுக் கிளம்பியவை, இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை கடல்மேல் பறந்து கரீபியன் தீவுகளை அடைந்திருந்தன. 2015இல் முடிவுகள் வெளியானபோது சர்ச்சை தீர்ந்தது.

இந்தப் பயணத்துக்கான எரிபொருள் கொழுப்பு. புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் குருவி ஓயாமல் தின்று தன் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து தரும் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு தரும்; எரியும்போது உடலுக்குள் நீரும் உண்டாகும். குளிர்காற்று முகப்பு ஒன்று கடந்துபோனதும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று முதுகைத் தள்ள, இருட்டியபின் கிளம்புகிறது. கடல்வழியில் வல்லூறுகளின் தொல்லை குறைவு, தூரமும் குறைவு. நடுவழியில் புயல் வந்தால் ஒதுங்க மட்டும் இடமில்லை.

வசந்தத்தில் திரும்பும்போது இந்தத் துணிச்சல் கிடையாது. தீவு தீவாகத் தாவி, ஃப்ளோரிடா வழியாக நிலத்தின்மேலேயே வடக்கே ஏறுகிறது. மே மாதத்தில் கருந்தொப்பி போட்ட ஆண் குருவி ஊசியிலை மரத்தின் உச்சியில் அமர்ந்து பாடும். பறவைப் பாடல்களிலேயே மிக மெல்லிய, மிக உச்சமான குரல்களில் ஒன்று அது. வயதானவர்கள் பலருடைய காதுக்கு எட்டுவதில்லை. அலகு திறந்து மூடுவதை மட்டும் பார்க்கிறார்கள்.