உள்ளறை இல்லாத காம்பரா

கிறிஸ்தவ இல்லங்களிலே சிறு பிள்ளைகளும் அறிந்துள்ள போதனை ஒன்று உண்டு. பிறர் கண்டு மெச்சும்படி வீதி முனையிலே நின்று ஜெபிப்போரை இயேசுநாதர் மலைப்பிரசங்கத்திலே கடிந்துரைத்தார். வேண்டுதல் செய்பவன் தன் வீட்டின் உள்ளறையை நாடவேண்டும் என்றார். அவ்வறைக்குப் பழைய தமிழ் வேதாகமம் எடுத்தாண்ட சொல் 'அறைவீடு' என்பது. கிரேக்க மூலத்திலுள்ள சொல், பண்டங்களைச் சேமித்து வைக்கும் களஞ்சிய அறையையும் குறிக்கும் என்பர் மொழியறிஞர்.

இப்போதனையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அது நம் நெஞ்சைத் தைத்தது, சென்ற மார்கழியின் கடைசி நாள்களிலே, டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில், ஒரு லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்திருந்தபோதுதான்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் காம்பராக்களின் வரிசை. காம்பரா ஒன்று பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம் என்பது பழைய கணக்கு. அதற்குள்ளேதான் அடுப்பும் பாயும் பெட்டியும் பிள்ளையின் தொட்டிலும். சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் இருப்பவரின் தூக்கம் கலையும். அத்தகைய வீட்டிலே உள்ளறை எது? எந்தக் கதவை அடைப்பது?

நாம் சந்தித்த மூதாட்டி நாற்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்தவர். ஜெபம் எங்கே செய்வீர்கள் என்று கேட்டோம். "நெரையில நிக்கிறப்பதானுங்க ஐயா. கை அதுபாட்டுக்கு எடுக்கும், மனசு அதுபாட்டுக்குப் பேசும்" என்றார். பின்னர் சற்றே தயங்கி, தம் மனத்திலே கிடந்த ஒரு பாரத்தையும் இறக்கி வைத்தார்.

அத்தோட்டத்திற்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். கிறிஸ்துமஸ் திருவிருந்தோ ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு முந்திய இரவு, பக்கத்துக் காம்பராவிலே தனித்திருந்த கிழவருக்கு நெஞ்சுச் சளி முற்றி மூச்சுத் திணறியது. கிழவர் சைவர், பிள்ளைகள் கொழும்பிலே கடைகளில் வேலை செய்கின்றனர். மூதாட்டி விடிய விடியக் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து அவர் பக்கத்திலேயே இருந்தார். காலையில் தேவாலய மணி கேட்டது. அவர் எழுந்து போகவில்லை. மறுநாள் சபையாரிற் சிலர், "திருவிருந்தைக்கூட விட்டுவிட்டாளே" என்று பேசிக்கொண்டனராம்.

"அது தப்புங்களா ஐயா?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

நாம் உடனே விடை கூறவில்லை. மதங்கள் பலவும் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியல்லவா அது? மலைநாட்டின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால், விடைக்கு வழி பிறக்கலாம்.

கல்லாற் கட்டிய கோயில்கள்

நுவரெலியாவிலுள்ள பரிசுத்த திரித்துவ தேவாலயம் 1852ஆம் ஆண்டிலே பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயாவிலே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில், கருங்கல்லாலான வோர்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டிலே எழுந்தது. இன்று அங்கே செல்வோர் நீரும் மலையும் கோபுரமும் ஒருங்கே தோன்றும் அழகிலே மெய்மறந்து நிற்பர். முற்றத்துக் கல்லறைகளிலே வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர்களும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாய்நாட்டைப் பிரிந்து, இளவயதிலேயே நோயால் மடிந்தோரும் அவர்களிடையே உளர். அவர்கள் கண்ணீரும் கண்ணீரே.

ஆனால் அத்துரைமாரின் தோட்டங்களை உண்டாக்கியவர்கள், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ் மக்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானோர் பலர். தோட்டத்திலே இறந்தோர் மலைச்சரிவிலே புதைக்கப்பட்டனர். பெயர் பொறித்த கல் அவர்களுள் மிகப் பலருக்கு இல்லை.

அம்மக்களிடையே கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அவர்களுக்காகவும், ஏனையோர்க்குப் போதிப்பதற்காகவும், கோப்பிக் காலத்திலேயே, 1854ஆம் ஆண்டில், ஒரு சபை தொடங்கப்பட்டது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தம்மவரை உபதேசிமாராக அனுப்பி வைத்தனர். அவ்வுபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து, பிரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் நின்று போதித்தனர். துரைமாரிற் பலர் இப்பணிக்குப் பொருளுதவி செய்தனர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அந்த மிஷனுக்கு வைக்கப்பட்ட பெயர் யாது? 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதாம்! கடவுளின் முன் யாவரும் சகோதரர் என்று அறிவிக்கப் புறப்பட்ட சபை, தன் வாயிற் பலகையிலேயே கேட்போரைக் கூலியாட்கள் என்று எழுதி வைத்தது. பெயரிட்டோர் தீய நோக்குடையோர் அல்லர். அக்கால வழக்கையே பின்பற்றினர். தீய எண்ணம் இல்லாமலேயே புற வழக்கம் உள்ளுணர்வை மூடிவிடக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இறவாணத்து இலையும் பதிவேட்டுப் பெயரும்

புறத்தோற்றமே சமயமாகிவிட்டால் விளைவு என்ன என்பதை, மலைநாட்டுத் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே இந்நாடு கண்டது. 1658ஆம் ஆண்டு முதல் 1796ஆம் ஆண்டு வரை கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர், அரசாங்க உத்தியோகம் பெறுவதற்கு ஞானஸ்நானத்தை வேண்டிய தகுதியாக்கினர். பதிவேடுகளிலே கிறிஸ்தவர் தொகை பெருகிற்று. உள்ளமோ வேறு திசையிலே நின்றது. யாழ்ப்பாணத்திலே விரத நாளில் மரக்கறியுணவு உண்ட இலையை, உத்தியோகத்தர் கண்ணிற் படாதபடி வீட்டு இறவாணத்திலே செருகி மறைத்த கதையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் நீங்கியதும், பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக விலகிப் போயினர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பிழை, உள்ளத்தைப் பேரேட்டிலே எழுதிவிடலாம் என்று எண்ணியவர்களுடையது.

அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரையும் தடைசெய்திருந்தனர். 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, மறைவாகத் தம் மக்களைத் தேடிச் சென்றார். ஒரே ஆட்சியின் கீழே சைவர் இலையை ஒளித்தனர். கத்தோலிக்கர் குருவை ஒளித்தனர். பெயரில் வேறாயினும், இருவரும் காத்தது உள்ளத்திலிருந்த ஒன்றையே.

1692இல் கண்டிக்குச் சென்ற அடிகளார், ஒற்றர் என்ற ஐயத்தாற் சிறையிடப்பட்டார். பின்னர் 1697இல் கண்டி நகரிலே பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரை அவர்தம் உறவினரே கைவிட்டனர். அடிகளாரோ அங்கேயே தங்கி, இன்ன சமயத்தார் என்று பாராமல் நோயாளரைப் பேணி, இறந்தோரை அடக்கம் செய்தார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். பூசைகளையும் ஜெபமாலையையும் உயிரெனப் போற்றியவர் அவர். எனினும் கண்டி நகரத்தார் அவரை அறிந்தது, அம்மை கண்டவனின் பாயருகே அவர் அமர்ந்திருந்ததைக் கண்டுதான்.

திங்கட்கிழமைத் தராசு

கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி வாழ்ந்தார். மந்தை மேய்த்தவர், அத்திமரங்களைப் பேணியவர். ஓய்வுநாள் எப்போது கழியும், கள்ளத் தராசை எப்போது எடுக்கலாம் என்று காத்திருந்த வணிகரை அவர் சாடினார். அவ்வணிகர் ஓய்வுநாளை மீறியவர்கள் அல்லர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஆசாரத்திலே அவர்கள் குறை வைக்கவில்லை. குறை, மறுநாட் காலையில் இருந்தது.

தோட்டத்தாருக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கு, முழுப் பேரா அரைப் பேரா என்பது அன்றைய அடுப்பைத் தீர்மானிக்கும் செய்தி. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கும் நிறையிலே நீதி உண்டா என்று அவள் கண்கள் பார்க்கும். தராசைப் பிடித்திருப்பவர் ஞாயிறு காலையிலே முதல் வரிசையில் அமர்ந்து பாடினாரா என்பதை அத்தராசு அறியாது. அவருடைய விசுவாசத்தின் நிறையை மட்டும் அது காட்டிவிடும்.

சபைக்குள்ளேயும் இச்சோதனை வந்ததுண்டு. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், திருச்சபையிலே சாதி வேற்றுமை நீங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பல கிறிஸ்தவர்கள் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் ஓதியவர்கள், பாட்டுப் பாடியவர்கள். ஆனால் ஒரே பாத்திரத்திலே அயலான் வாய் வைத்தபின் தாமும் பருகுவது அவர்களுக்கு அரிதாயிற்று. அது தஞ்சைக்கு மட்டும் உரிய வரலாறு என்று நாம் ஆறுதல் கொள்ளலாமோ? ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்திலும், இன்னார் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்ற பேச்சு இருந்ததை மூத்தோர் அறிவர்.

சடங்கு வேண்டாமோ?

இவ்வளவும் படித்த மாணவ நண்பர் ஒருவர், "அப்படியாயின் ஆலயமும் சடங்கும் எதற்கு? உள்ளம் ஒன்றே போதுமே!" என்று கேட்கலாம். அதுவும் அவசர முடிவே.

பெயர்ப் பதிவிலே ஓர் ஆளாக மட்டும் எண்ணப்பட்டவன், ஞானஸ்நானத் தொட்டியருகே பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். ஆறு நாளும் கூடை சுமந்த பெண் ஏழாம் நாளிலே வெள்ளைச் சேலை உடுத்திச் சபையிலே அமர்ந்தபோது, தானும் ஒரு மனுஷி என்று உணர்ந்தாள். கிறிஸ்துமஸ் இரவிலே லயம் லயமாகப் பாடிச் செல்லும் பிள்ளைகள், சிதறிக் கிடக்கும் குடும்பங்களை ஒரு சரட்டிலே கோக்கின்றனர். புற ஆசாரம் இல்லாத பக்தி, மேட்டு நிலத்திலே வரம்பில்லாமல் விட்ட நீர் போல ஓடி மறையக்கூடும்.

எனினும் வரம்பு நீருக்காகவே. நீர் வரம்புக்காக அன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோர் என்று வகுத்தது. அதன்படி கப்பலேறிய குடும்பங்கள் ஆலயத்தைத் தூக்கிச் செல்லவில்லை. பெற்றோரின் கல்லறையையும் தூக்கிச் செல்லவில்லை. நீலகிரிச் சரிவுகளிலே மீண்டும் கொழுந்து பறிக்க நின்றபோது, நெஞ்சிலே எதைக் கொண்டு சென்றனரோ அதுவே அவர்களுக்கு மிஞ்சிய சமயம்.

அக்குறை நிறைகளை உணர்ந்த கிறிஸ்தவர்களும் நம்மிடையே தோன்றினர். 1972ஆம் ஆண்டிலே போல் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைக் குரு, கண்டியில் 'சத்யோதய' என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பல சமயத்தவரும் ஒன்றுகூடித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைக்கும் இடமாக அது விளங்கிற்று. குடியுரிமை இழந்தோர்க்காகக் குரல் கொடுப்பதும் வழிபாட்டின் பகுதியே என்பது அவர் கொண்ட நம்பிக்கை. அவர் 2017இல் மறைந்தார்.

மூதாட்டிக்கு விடை

இனி, இஸ்தோப்பிலே நம்மைக் கேட்ட கேள்விக்கு வருவோம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியிலே கள்வராற் குற்றுயிராக்கப்பட்ட ஒருவனைப் பற்றி இயேசுநாதர் ஒரு கதை சொன்னார். ஆசாரியனும் லேவியனும் அவனைக் கண்டும் விலகிப் போயினர். நின்று காயங்கட்டியவனோ யூதர் இகழ்ந்த சமாரியன். நாம் மூதாட்டிக்கு இக்கதையை நினைவூட்டினோம். "அம்மா, அன்று காலையில் நீங்கள் திருவிருந்தைத் துறக்கவில்லை, அடுத்த காம்பராவிலே அதைப் பரிமாறிக் கொண்டிருந்தீர்கள்" என்றோம்.

அவர் சிரித்தார். ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "இருந்தாலும் ஐயா, அடுத்த மாசம் ஐயர் வர்றப்பக் கட்டாயம் போகணும். போகாட்டி மனசு வாடிப் போகும்" என்றார். நம் வாதங்களைவிட அவர் சொல் தெளிவாயிருந்தது. ஆலயத்தை அவர் இகழவில்லை. ஆலயத்துக்குச் செல்லும் வழியிலே கிடந்தவரைத் தாண்டிப் போகவும் இல்லை.

நாம் விடைபெற்றபோது பக்கத்துக் காம்பராக் கிழவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு வாசற்படியில் இளவெயில் காய்ந்துகொண்டிருந்தார். தைப்பொங்கலுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. பிள்ளைகள் கொழும்பிலிருந்து வருவார்களா என்று அவர் மூதாட்டியிடம் கேட்டார். "வருவாங்க, வருவாங்க. வரும்வரைக்கும் இந்தத் தண்ணியைக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர் கையிலே சூடான கோப்பையைக் கொடுத்தார் மூதாட்டி.