பென் டிரைவில் வந்த லினக்ஸை நம்பலாமா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. பசறை, ஹாலிஎல, பண்டாரவளை என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: பழைய மடிகணினிக்கு இலவச மென்பொருளை எங்கே இறக்குவது, எந்தத் தளத்தை நம்புவது? “பாதுகாப்பானது” என்று பச்சை முத்திரை போட்ட இடத்திலிருந்துதான் எடுத்தேன், கூடவே வேறெதுவோ வந்து உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள் சிலர்.

அந்த முத்திரை, தளம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நற்சான்று. 2011இல் டவுன்லோட்.கொம் தளம், என்மேப் என்ற இலவச மென்பொருளைத் தன் சொந்த நிறுவியில் பொதிந்து, யாரும் கேட்காத கருவிப்பட்டையையும் சேர்த்துக் கொடுத்தது. என்மேப்பை எழுதியவரே அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பக்கத்தைத் தன் கையில் எடுத்து விளம்பர மென்பொருளோடு விநியோகித்தது. “கைவிடப்பட்ட திட்டம்” என்பது அவர்கள் தந்த விளக்கம். ஜிம்ப் கைவிடப்படவில்லை. அந்தத் தளத்தின் விளம்பரப் போக்குப் பிடிக்காமல் 2013இலேயே வெளியேறியிருந்தது.

இதே உலகில்தான், தரவிறக்கத் தளத்தை நம்பவே தேவையில்லாத ஓர் ஏற்பாடும் இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான உபுண்டு, டெபியன், மின்ட் போன்றவற்றின் படிகள் ‘மிரர்’ எனப்படும் பிரதித் தளங்களில் உலகெங்கும் கிடைக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பும் அப்படிப் படிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் 64 இலக்கக் கைரேகை ஒன்றைக் கணிக்கலாம். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும்.

தரவிறக்கப் பக்கத்திலேயே போட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கொழுந்தை நிறுப்பவரும் கணக்கெழுதுபவரும் ஒருவராகவே இருந்தால் அந்தக் கணக்கை எதைக் கொண்டு சரிபார்ப்பது? 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஒருவர் புகுந்து, தரவிறக்க இணைப்பைப் பல்கேரியாவில் வைத்திருந்த களவுப் படிக்குத் திருப்பிவிட்டார். பக்கத்திலிருந்த கைரேகையையும் மாற்றியதாக அவரே பின்னர் செய்தியாளரிடம் சொன்னார்.

இதற்கு மருந்து கையொப்பம். மென்பொருளை வெளியிடுபவர்கள் கைரேகைப் பட்டியலைத் தங்களிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறார்கள். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி எல்லோருக்கும் கிடைக்கும். தளத்தைக் கைப்பற்றியவர் கோப்பை மாற்றலாம், பட்டியலையும் மாற்றலாம். அந்தக் கையொப்பத்தை மட்டும் அவரால் போட முடியாது.

நம் மலைநாட்டுக்கு இதன் பொருள் பெரியது. பதுளை நகரில் ஒருவர் ஒருமுறை இறக்கிய சுமார் 3 ஜிபி மின்ட், பென் டிரைவில் மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் தோட்டம் தோட்டமாகப் போகலாம். இடையில் எத்தனை கை மாறினாலும், எந்தக் கடையில் பிரதி எடுத்தாலும், கடைசியாக வாங்குபவர் கைரேகையையும் கையொப்பத்தையும் சரிபார்த்தே அது அசல் என்று உறுதிசெய்துகொள்ளலாம். ஆளுக்கு 3 ஜிபி டேட்டா செலவழிக்கத் தேவையில்லை.

என்னை உறுத்துவது பொதுச் சாவிதான். அதுவும் அதே பென் டிரைவில் வந்தால் எல்லாம் வீண். சாவி சின்னது, சில கிலோபைட்தான். அதை மட்டும் ஒவ்வொருவரும் நேரடியாக எடுத்து, அதன் அடையாள எண்ணை வேறோர் இடத்திலும் ஒப்பிட வேண்டும். இந்தச் சிரமத்தைப் பல தரவிறக்கப் பக்கங்கள் முகப்பில் சொல்வதில்லை, ‘மேலதிக விபரம்’ என்று ஒரு மூலையில் தள்ளிவிடுகின்றன. லினக்ஸை நிறுவிய பிறகு, புதுப்பித்தல்களுக்கான சாவி கணினிக்குள்ளேயே இருக்கும். அவற்றைக் கணினி தானாகச் சரிபார்த்துக்கொள்ளும்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக:

ஷெயார்வெயரும் இந்த இலவச மென்பொருளும் ஒன்றா? இல்லை, அது சில காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது.

கடையில் போட்டுத்தரும் ‘கிராக்’ விண்டோஸ்? திருத்தியவர் யாரென்றே தெரியாது. சரிபார்க்கக் கையொப்பமும் இல்லை.

விண்டோஸ் 10இலேயே இருக்கலாமா? 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் இலவசம், பணம் கட்டுவதானால் 30 டொலர். 2025இல் தோட்டத்தில் 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளம் வாங்கியவருக்கு அது ஆறேழு நாள் உழைப்பாக இருந்தது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள்? எழுத்துருவை நிறுவினால் லினக்ஸிலும் திறக்கும். யுனிகோடுக்கு மாற்றிவைப்பது நல்லது.