ஊதினால் தெரியும்

2005 ஆகஸ்டு 11. கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அரசாங்கம் அவசரகாலம் அறிவித்த நாள். அப்போது நான் பள்ளி மாணவி. சுமத்ராவிலிருந்து வந்த புகை வீட்டுக்குள்ளும் நிறைந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. சில நாள்களில் வானம் தெளிந்தது, நாங்களும் மறந்துவிட்டோம். ஆனால், இளைப்பு உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் புகைமூட்டம் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. மெத்தைத் தூசு, பூனை முடி, சளிக்காய்ச்சல், கொசுவர்த்திப் புகை என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும்.

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும் நாள்களில் எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கட்டாயம் ஓர் அழைப்பாவது வரும். பெஸ்தாரி ஜெயா (பெரியவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும்) பக்கமிருந்து ஒரு தாயார் கேட்டார்: "நீல பம்பு அடிச்சா பையனுக்கு உடனே சரியாயிடுது அக்கா. மூச்சு நல்லா இருக்கிறப்போ எதுக்கு தினமும் இன்னொரு பம்பு? அதுல ஸ்டெராய்டு இருக்காமே?"

நியாயமான கேள்விதான். ஆஸ்துமாவில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது. நீல பம்பு அதைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். மற்றொன்று, குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்து கிடப்பது. இதற்கு நீல பம்பு ஒன்றும் செய்யாது. ராஜா மூசா காட்டில் கரிமண் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே தீ அணைந்ததுபோல் இருக்கும். மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தினமும் அடிக்கும் பம்பு அந்த அடித்தீக்கு ஊற்றும் தண்ணீர்.

அந்த அடித்தீயை ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் அளக்க ஒரு மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. பெயர் ஃபீனோ. வாகனப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயு மனிதர் விடும் மூச்சிலும் இருக்கிறது என்று 1991இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலைய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈராண்டுகள் கழித்து, ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. ஒவ்வாமையால் வீங்கிய மூச்சுக்குழாய்ச் சுவரே அந்த வாயுவை அதிகமாகச் சுரக்கிறது.

பிள்ளை மூச்சை நன்றாக இழுத்து, சிறிய கருவிக்குள் ஆறு முதல் பத்து விநாடி வரை ஒரே சீராக ஊதவேண்டும். திரையில் வரும் பொம்மைப் படத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும், விளையாட்டுப் போலத்தான். ஐந்து வயதுக்குக் கீழே இது சிரமம். முடிவு உடனே எண்ணாக வந்துவிடும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, ஒரு பில்லியன் பங்குக் காற்றில் 20க்குக் கீழ் என்றால் ஒவ்வாமை வீக்கம் இருக்கும் வாய்ப்பு குறைவு. 35க்கு மேல் என்றால் நிச்சயமாகக் கவனிக்கவேண்டும். இது அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011இல் வகுத்த அளவு.

பம்பு ஒழுங்காக அடித்தால் எண் இறங்கும், நிறுத்தினால் மீண்டும் ஏறும். இதைத்தான் நான் இந்தச் சோதனையின் பெரிய பயன் என்று நினைக்கிறேன். "நல்லாத்தானே இருக்கான்" என்று மருந்தை நிறுத்தும் வீட்டில், அந்த எண் ஒரு சாட்சி.

அதற்காக இதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் குறைவாக இருந்தும் ஆஸ்துமா இருக்கலாம். ஆஸ்துமாவே இல்லாமல், மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ள பிள்ளைக்கும் எண் ஏறலாம். கீரை, பீட்ரூட் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் ஏறும் என்பது நம் வீட்டுச் சமையலுக்குச் சொல்லவேண்டிய செய்தி. சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே வாய்க்கு எதுவும் வேண்டாம். இந்த எண்ணைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றியபோது பிள்ளைகளுக்குக் கடுமையான தாக்குதல்கள் குறைந்தன, ஆனால் அன்றாட அறிகுறிகளில் பெரிய மாற்றமில்லை என்கிறது 2016இல் வந்த காக்ரன் தொகுப்பாய்வு.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது எட்டுமா? பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் கருவி இது. கோலாலம்பூர் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்குத் தெரியும். அதனால் அந்தத் தாயாரிடம் நான் முதலில் ஃபீனோவைச் சொல்லவில்லை. நான்கு கேள்விகள் கேட்டேன். பையன் இரவில் இருமி எழுகிறானா? பள்ளியில் ஓடினால் நெஞ்சு இறுகுகிறதா? வாரத்தில் எத்தனை முறை நீல பம்பு? இளைப்பால் எத்தனை நாள் பள்ளி விடுப்பு?

நீல பம்பு வாரம் மூன்று நான்கு முறையாம்.

அது அதிகம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதையெல்லாம் இரண்டு வாரம் எழுதி, ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கிற்கு எடுத்துப்போகச் சொன்னேன். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃபுளோ கருவியைப் பற்றியும் அங்கே கேட்கலாம். அது வீக்கத்தைக் காட்டாது. குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைக் காட்டும். ஃபீனோ தேவையா என்பதை மருத்துவர் அதற்குப் பிறகு சொல்வார்.

ஸ்டெராய்டு பயத்துக்கும் பதில் சொன்னேன். பம்பில் வருவது மிகச் சிறிய அளவு, நேராக நுரையீரலுக்குப் போவது. வளர்த்தி ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பது உண்மை. அடக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும். அடித்ததும் வாய் கொப்பளிக்கவேண்டும். ஸ்பேசர் குழாய் வைத்து அடித்தால் மருந்து தொண்டையில் அதிகம் படியாது. "அந்தக் குழாய் அலமாரி மேலே கிடக்குது அக்கா" என்றார்.