நெடுந்தீவில் ஆறு நாள்

ஆலங்குடிக்குத் தெற்கே இருக்கிறது என் தோட்டம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்து போனபோது, நூற்று நாற்பது தென்னையில் மிஞ்சியது பத்தொன்பது. வரப்பில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த ஏழு பனையில் ஒன்றுகூடச் சாயவில்லை. அன்றிலிருந்தே, வருஷம் முழுக்கக் காற்றோடு மல்லுக்கு நிற்கிற ஊர் ஒன்றில் போய்த் தங்கிப் பார்க்கணும் என்று ஓர் எண்ணம். போன ஆடியில்தான் கைகூடியது. "அறுபத்தாறு வயசுல தனியாவா?" என்று வீட்டில் கேட்டார்கள். கூட வருகிறவருக்கு வேலி, கிணறு, சாணி பார்க்கிற பொறுமை இருக்காது. தனியாகப் போவதுதான் சரி என்று கிளம்பிவிட்டேன்.

நெடுந்தீவு நமக்குத் தெரியாத பெயர் இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் "நெடுந்தீவு அருகே கைது" என்று செய்தித்தாளில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! நம் கரையிலிருந்து தென்கிழக்கே, பாக் நீரிணைக்குள் கிடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்த கப்பலில் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம். இந்தக் கடல் வழியில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் என் பக்கத்தில் இருந்தவர் அதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பேசவில்லை.

தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர். தட்டை நிலம். சுண்ணாம்புப் பாறைமேல் சாணளவு மண். மழை, வாடைக் காலத்து மாதங்களில் பெய்வதுதான். நாம் ஆடிக்காற்று என்பதை அவர்கள் சோளகம் என்கிறார்கள். இறங்கியதுமே தலைத்துண்டு பறந்தது. ஆறு நாளும் அது தலையில் நிற்கவில்லை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வம்சம் காட்டில் திரிகிறது, இடிந்த கோட்டை ஒன்று, ஆப்பிரிக்கப் பெருக்கமரம் ஒன்று. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டு மதியப் படகிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

நான் பார்த்தது மதில்களை. தோட்டத்துக்குத் தோட்டம், வீட்டுக்கு வீடு, நிலத்திலிருந்து பொறுக்கிய முருகைக்கல்லை அடுக்கியே எல்லை கட்டியிருக்கிறார்கள். சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது. நான் தங்கிய வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பதை நெருங்கும். "ஐயா, இந்தச் சந்தெல்லாம் பூசிவிட்டால் காற்றை நன்றாகத் தடுக்குமே?" என்றேன். சிரித்தார்.

"தம்பி, மதில் எண்டால் காத்துப் போக வழி விடவேணும். வழி விடாட்டி மதிலையும் தள்ளி, உள்ளுக்க நிக்கிற கத்தரியையும் முறிச்சுப்போட்டுத்தான் போகும்."

வேளாண் நூல்களும் இதைத்தான் சொல்கின்றன. முழுக்க அடைத்த சுவரில் மோதுகிற காற்று மேலே எகிறி, பின்பக்கம் சுழன்று விழும். பாதிக்குப் பாதி சந்து விட்ட தடுப்பில் வேகம் மட்டும் குறையும். அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும். பத்தடி உயிர்வேலி இருந்தால் நூறடி வாழைக்குக் காவல். ஹாலோ பிளாக் சுவருக்கு மதிப்பீடு வாங்கி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்க.

ஆப்பிரிக்கக் கரையோரம், ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான லான்சரோட்டே என்று ஒரு தீவு. 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து, நல்ல நிலத்தையெல்லாம் கரிமணல் மூடிவிட்டது. அங்குள்ள உழவர்கள் பழைய மண் எட்டும்வரை குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு திராட்சைக்கொடி வைத்து, காற்று வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாகக் கல் அடுக்கினார்கள். அந்தக் கரிமணலே மூடாக்காகி ஈரத்தைக் காக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழையில் வெள்ளாமை! நமக்கு அதைப்போல் ஐந்தாறு மடங்கு பெய்கிறது.

கிணற்று விஷயம் இன்னும் முக்கியம். பெரியவர் வீட்டுக் கிணற்றில் மோட்டார் இல்லை. காலையில் சில வாளி, மாலையில் சில வாளி, அவ்வளவுதான். மண்ணுக்கடியில் கடல் உப்புநீர். அதன்மேல் மழைநீர் பாலாடை மாதிரி மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறக்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். தீவில் பல கிணறுகள் ஏற்கெனவே உவர். வறண்ட வருஷத்தில் ஆடு மாடும் குதிரையும் தாகத்தில் சாகின்றன. மணமேல்குடிப் பக்கம் கரையோரத்தில் போர் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். எங்கள் பக்கம் எண்ணூறு அடிக்குப் போய்விட்டோம். அது வேறு கதை, வேறு ஆபத்து.

நான்காம் நாள் காற்று முறுகிப் படகு நின்றுவிட்டது. அன்று திண்ணையில் ஒடியல் கூழ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெரியவரின் மகள் கேட்டார்: "நீங்கள் கோட்டைப்பட்டினத்துப் பக்கமோ? அங்கயிருந்து இழுவைமடிக்காரர் வந்து போனால் எங்கட வலையும் இல்லை, மீனும் இல்லை ஐயா." எனக்குப் பதில் வரவில்லை. கைதான பையன்களின் தாய்மார் நம் கரையில் அழுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டுவதும், நம் வயல் மேல்மண்ணை ஜேசிபி வைத்து அள்ளுவதும் ஒன்றுதான். இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. மண்ணுக்காகப் பேசுகிற நாம் அந்த அடிமண்ணுக்காகவும் பேச வேண்டாமா?

திரும்பி வந்ததும் தெற்கு, மேற்கு எல்லை நானூறு அடியில் கிளுவைக் குச்சி இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று விலக்கி ஊன்றினோம். அதற்குள் பத்தடிக்கு ஒரு பனை, மொத்தம் நாற்பது. பலன் வரப் பதினைந்து வருஷம் ஆகலாம். முப்பத்திநாலு வருஷம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், இந்தக் கணக்குக்கு எந்த மேனேஜரும் கடன் கொடுக்கமாட்டார். கொடுக்கவும் வேண்டாம், கொட்டை இனாம்.

பனங்கொட்டையை நேரே குழியில்தான் போடணும். முளை முதலில் கீழ்நோக்கிப் போய், அப்புறம்தான் மேலே குருத்து விடும். பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் தேறுவது கஷ்டம். வேண்டுகிறவர்கள் ஆவணிக் கடைசியில் சாக்கோடு வாங்க. வரப்புப் பனை ஏழில் ஐந்து பெண் பனை, இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.