சதுரம் சாய்ந்தால்…

விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்குச்சிகளை உருவிக்கொள்ளுங்கள் (வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை). ஒவ்வொன்றையும் 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு குச்சிகளின் நுனியைச் செருகினால் மூலைகள் தயார். மேசைமேல் வைத்து நிமிர்த்தினால் சதுரம்.

இப்போது ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சட்டம் சாய்ந்துகொடுக்கிறது. குச்சிகளின் நீளம் மாறவில்லை, கோணம்தான் மாறிவிட்டது. இதுதான் சாய்சதுரம். பெயர் வைத்தவர் கையிலும் ஈர்க்குச்சி இருந்திருக்குமோ என்னவோ! மறுபடி நிமிர்த்தி, எதிரெதிரான இரண்டு குச்சிகளை மட்டும் ஒரே அளவுக்கு நீளமாக்கினால் செவ்வகம். அதைத் தள்ளினால் இணைகரம். எவ்வளவு தள்ளினாலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகவே இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாற்கரக் குடும்பத்தில் சரிவகம், பட்டம் என்று இன்னும் சிலர் உண்டு. அவர்களையும் தள்ளினால் அசைவார்கள்.

சாயும்போது இன்னொன்றும் நடக்கிறது. சதுரத்தின் சுற்றளவு 40 செ.மீ., பரப்பு 100 சதுர செ.மீ. உயரம் 5 செ.மீ. ஆகும்வரை சாய்த்தால், சுற்றளவு அப்படியே இருக்க, பரப்பு 50 ஆகிவிடும். முழுக்கப் படுக்கவைத்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

பக்கங்களின் நீளம் மாறாமலே சட்டம் சாயும் என்பது தச்சருக்கு நன்றாகத் தெரியும். கதவுச் சட்டம் பூட்டும்போது நான்கு பக்கத்தை அளந்ததோடு அவர் விடமாட்டார். டேப்பை மூலைக்கு மூலை, இரண்டு பக்கமும் பிடித்துப் பார்ப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் செவ்வகம். அரை அங்குலம் பிசகினாலும் அது இணைகரம். கதவு பொருந்தாமல் இடிக்கும்.

மறுபடி நம் சதுரத்தை எடுங்கள். 14 செ.மீ.க்குச் சற்றே கூடுதலான ஐந்தாவது குச்சியை மூலைவிட்டமாக வைத்து, இரு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். தள்ளிப் பாருங்கள். அசையாது. சதுரத்துக்குள் இப்போது இரண்டு முக்கோணங்கள் உட்கார்ந்துவிட்டன. இரண்டிலும் ஒரு கோணம் செங்கோணம், இரண்டு பக்கம் சமம். ஆகவே செங்கோண முக்கோணம் என்றும் சொல்லலாம், இருசமபக்க முக்கோணம் என்றும் சொல்லலாம். சமபக்கமோ அசமபக்கமோ, குறுங்கோணமோ விரிகோணமோ, முக்கோணம் எந்த வகையானாலும் பிடிவாதம் ஒன்றுதான்: மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் மூன்று கோணங்களும் முடிவாகிவிடும். அதற்குமேல் பேரம் கிடையாது.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் படத்தில் பாருங்கள். குறுக்கும் சாய்வுமாக ஓடும் இரும்புக் கம்பிகள் முழுக்க முக்கோணங்கள். வயல் நடுவே நிற்கும் மின்கோபுரமும் அப்படித்தான்.

அப்படியானால் சாய்சதுரம் உதவாக்கரையா? கடை வாசலில் கரகரவென்று இழுத்துச் சாத்தும் இரும்பு மடக்குக் கதவைப் பாருங்கள். வரிசையாகச் சாய்சதுரங்கள். இழுத்தால் அகலும், தள்ளினால் ஒடுங்கும். அதில் ஒன்றே ஒன்றின் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்துவிட்டால் போதும், கடைக்காரர் இரவு முழுக்க வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.