உலாவியில் ஒரு விரிசல்

சான்றிதழ், வரி, ஓய்வூதியம் ஆகியவை தொடர்பான பணிகள் இன்று பெரும்பாலும் இணையம் வழியாகவே நடைபெறுகின்றன. சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டு போன்ற மண்டலத் தலைமையிடங்களிலும் இப்பணிகளுக்கு வாயிலாக விளங்குவது கணினியின் உலாவியே ஆகும். அவ்வாயிலில் விரிசல் ஏற்படின் விளைவு யாது?

2014 ஏப்ரல் 26 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் 6 முதல் 11 வரையிலான பதிப்புகள் அனைத்திலும் ஒரு குறை காணப்பட்டது. உலாவி தன் பணிக்கென நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. பணி முடிந்ததும் அதனை விடுவிக்கிறது. விடுவித்த இடத்தையே அது மீண்டும் நாடுமாயின், இடையில் அயலார் அங்கு இட்டுவைத்த கட்டளைகளைத் தன்னுடையவை எனக் கொண்டு நிறைவேற்றிவிடும். தீய வலைப்பக்கம் ஒன்றைத் திறப்பதே இதற்குப் போதுமானது. பயனர்க்குள்ள உரிமைகள் யாவும் தாக்குவோர்க்கும் கிட்டும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்றே முடிவுற்றிருந்தது. எனினும், மே 1 அன்று வெளியான திருத்தம் விதிவிலக்காக அதற்கும் வழங்கப்பட்டது. இத்தகைய சலுகையை எப்போதும் எதிர்பார்த்தல் இயலாது.

2004-இல் தொடங்கப்பெற்ற ‘செர்ட்-இன்’ என்னும் மைய அரசு அமைப்பு, இத்தகைய குறைகளைப் பற்றி அறிவிப்புகள் வெளியிட்டு வருகிறது. அவற்றைப் படிப்பதோடு அலுவலரின் கடமை முடிவதில்லை. திருத்தங்களை உடனே நிறுவுதல், அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமையற்ற கணக்கைப் பயன்படுத்துதல், ஆதரவு முடிந்த மென்பொருளை அகற்றுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ஏனெனில், களவுபோகக்கூடியவை அலுவலகத்தை நம்பி மக்கள் ஒப்படைத்த ஆவணங்களே.