கரைக்கடற் பங்கசுக்களும் அவற்றின் சூழலியற் பணியும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்லும் கடல் ஆழம் குறைந்தது. சூரியவொளி அடித்தளத்தை எட்டுவதால் அங்கு கடற்புற்கள் செழிக்கின்றன. தீவகத்தின் சேற்றுக் கரைகளில் வெண்கண்டல் வளர்கின்றது. இவற்றினின்றும் உதிர்ந்து கரையொதுங்குவனவற்றுட் சிலவற்றை எமது கமக்காரர் ‘சாதாளை’ என அள்ளிச் சென்று பசளையாக்கினர். அள்ளப்படாது நீரில் எஞ்சுபவை யாவும் எங்கே போகின்றன? இவ்வினாவின் விடையில் பற்றீரியாக்களுடன் பங்கசுக்களுக்கும் பெரும் பங்குண்டு.

பங்கசு என்றதும் ஈரமான பாணிற் படரும் பூஞ்சணமும் மழைக்காலக் காளானுமே எமது நினைவுக்கு வருகின்றன. உவர்நீரில் வாழும் பங்கசுக்கள் 1944 இல் பார்கூன், லிண்டர் ஆகியோர் கடலில் அமிழ்ந்த மரங்களை ஆராய்ந்து எழுதிய பின்னரே பரவலான கவனத்தைப் பெற்றன. கடலில் மட்டுமே வளர்ந்து வித்திகளை உண்டாக்குபவை ஒருவகை. நிலத்துக்கும் நன்னீருக்கும் உரியவையாயினும் கடலிலும் வளர வல்லவை மற்றொருவகை. 2019 இல் வெளிவந்த தொகுப்பொன்று 1,257 கடற்பங்கசு இனங்களைப் பட்டியலிட்டது. உண்மைத் தொகை பத்தாயிரத்தைத் தாண்டுமென மதிப்பிடப்படுகின்றது. பாக்கு நீரிணைக்கு வடக்கே, பிச்சாவரத்தில் உக்கும் கண்டற் பாகங்களை ஆராய்ந்த இரவிக்குமாரும் விட்டலும் 1996 இல் 48 இனங்களை அறிவித்தனர்.

உப்பு நீர் உயிர்க்கலத்தினின்றும் நீரை வெளியே இழுக்கும். கிளிசரோல் போன்ற பொருள்களைக் கலத்தினுட் சேமித்துப் பங்கசு இதனை ஈடுசெய்கின்றது. பல இனங்களின் வித்திகளில் நூல்போன்ற அல்லது பசைத்தன்மையுள்ள தூக்கங்கள் உள்ளன; அவை நீரில் மிதக்கவும், மரத்துண்டிலோ மணலிலோ பற்றிக்கொள்ளவும் உதவுகின்றன. அலை ஒதுக்கும் நுரையில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் இத்தகைய வித்திகளைக் காணக்கூடும்.

உதிர்ந்த இலையின் செலுலோசையும் இலிக்னினையும் இறாலாலோ நண்டாலோ எளிதிற் சமிக்க முடியாது. பங்கசு இழைகள் இலையினுள் ஊடுருவி, நொதியங்களைச் சுரந்து அதனை இளக்குகின்றன. நீரிற் கரைந்துள்ள நைதரசன் சேர்வைகளைக் கவர்ந்து தமது புரதமாக்குகின்றன. ஆகவே, உக்கிய இலை உதிர்ந்த இலையிலும் போசணை மிக்கது. ஒட்சிசனற்ற சேற்றினுட் புதையும் பாகங்களிற் பங்கசுக்களின் பணி குன்ற, பற்றீரியாக்கள் மேலோங்குகின்றன. இன்னொரு வழியும் உண்டு. கைத்திரிட் எனும் நுண்பங்கசுக்கள், விலங்குப் பிளாந்தன்கள் விழுங்கவியலாத பெரிய தயற்றங்களைத் தாக்குகின்றன. அவற்றினின்றும் வெளிப்படும் நீந்தும் வித்திகள் அவ்விலங்குகளுக்கு இரையாகின்றன. மீனவரின் வலையிற் படும் செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் விளைவாகும்.

இவ்வுழைப்பு எப்போதும் மனிதனுக்குச் சாதகமானதன்று. மரவள்ளத்தையும் இறங்குதுறைத் தூணையும் மென்மையாக்கும் உக்கலும் பங்கசின் வேலையே. மென்மையான மரத்தைத் துளைக்கும் உயிரிகள் இலகுவிற் பற்றுகின்றன. மறுபுறம், 1945 இல் சார்டினியாத் தீவில் கழிவுநீர் கடலிற் கலக்கும் இடத்திலிருந்து புரொட்சு பிரித்தெடுத்த பங்கசே செபலோசுப்போரின் மருந்துகளுக்கு மூலமாயிற்று.

கடற்புல்லையும் கண்டலையும் இழந்தால் பங்கசுக்கு உணவில்லை. அது உருவாக்கும் உணவில் தங்கியுள்ள இறாலுக்கும் நண்டுக்கும் வாழ்வில்லை. அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடி மீனை மட்டும் கொண்டுசெல்வதில்லை. இச்சங்கிலியின் முதற் கண்ணியையே அறுக்கின்றது. இம்முறையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும், சட்டம் காக்க முனைவது எதனை என்பதைக் கரையோர மக்களுக்கு அவர்தம் மொழியில் விளக்கும் பொறுப்பு அறிவியல் கற்றோரையே சாரும். ஒரு போத்தல் நுரை, ஓர் உக்கிய இலை, ஒரு நுணுக்குக்காட்டி: குறிகட்டுவானில் இவ்வாய்வைத் தொடங்க எமது மாணவர்க்கு இவை போதுமானவை.